முள்கரண்டி முந்தி, காரணம் பிந்தி

மேசைக் கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் ஆகிய மூன்றைப் பற்றியும் படித்தவர்களிடம் ஒரு கதை நிலைத்துவிட்டது. மனிதன் முதலில் கையால் தின்றான். கை அழுக்கு என்று ஒரு நாள் உணர்ந்தான். ஒவ்வொரு சங்கடத்துக்கும் ஒவ்வொரு கருவி கண்டான். கருவிகள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு திருந்தித் திருந்தி, இன்று உணவகத் தட்டின் இருபுறமும் கிடக்கும் வடிவத்தில் முழுமை அடைந்தன. வேலைக்குச் சேரும் பட்டதாரிகளுக்கு மேசை நாகரிகம் கற்பிக்கும் பயிற்சியாளர் சொல்வதும் இதுதான். வடிவமைப்புப் படித்தவர்கள் இதையே மெருகேற்றிச் சொல்வார்கள்: பயன்பாடுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பார்கள். 1896இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பற்றி எழுதிய கருத்து, எப்படியோ இறங்கிவந்து சாப்பாட்டு மேசையிலும் உட்கார்ந்துகொண்டது.

இந்தக் கதையில் சம்பவங்களின் வரிசை ஏறக்குறையச் சரி. காரணங்கள்தான் தவறு. மேசைக் கருவிகளின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் தீர்மானித்தவை அந்தஸ்து, அச்சம், உலோகம், சந்தை ஆகிய நான்கும். சுத்தம், வசதி என்ற காரணங்கள் கருவி மேசைக்கு வந்து பழகிய பிறகு, அதைப் பிடித்திருந்த கைகள் தேடிக்கொண்டவை.

சுத்தத்திலிருந்தே தொடங்குகிறேன், எதிர்த்தரப்பு அதிகம் சாய்ந்து நிற்கும் தூண் அது. சுத்தத்துக்காக முள்கரண்டி வந்ததென்றால், ஒழுக்கத்தைப் போதித்தவர்கள் அதை வரவேற்றிருக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்திலிருந்து வெனிஸ் நகரத் தலைவரின் மனைவியாக வந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கார்டினல் பீட்டர் டேமியன் எழுதியிருக்கிறார். அவள் உணவைக் கையால் தொடமாட்டாள். பணியாளர்கள் சிறுதுண்டுகளாக நறுக்கித் தர, தங்க முள்கரண்டியால் எடுத்து உண்பாள். டேமியன் இதில் சுத்தத்தைக் காணவில்லை, ஆணவத்தைக் கண்டார். பிறகு அவள் உடல் அழுகி இறந்ததைக் கடவுள் தந்த தண்டனை என்று முடித்தார். அவருடைய இறையியல் இருக்கட்டும். அன்றைய கண்ணுக்கு அந்தக் கருவி என்னவாகத் தெரிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? சொகுசாகத் தெரிந்தது.

இங்கிலாந்தில் அரசர் இரண்டாம் எட்வர்டின் நெருங்கிய நண்பரான பியர்ஸ் கேவஸ்டனின் உடைமைப் பட்டியலில் மூன்று வெள்ளி முள்கரண்டிகள் வருகின்றன. அவை பேரிக்காய் தின்பதற்கு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம் அது. கொழுப்பொழுகும் இறைச்சியை அதே மேசையில் எல்லோரும் விரலால்தான் எடுத்தார்கள். அழுக்குக் கைதான் சிக்கல் என்றால் முதல் முள்கரண்டி இறைச்சிக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? பாகில் ஊறிய பழத்துக்கும் இனிப்புக்கும் வந்தது. விலை உயர்ந்த பண்டத்துக்கு விலை உயர்ந்த கருவி.

மத்தியகால ஐரோப்பியர் கை கழுவாமல் தின்ற காட்டு மனிதர்கள் என்ற எண்ணமும் இந்தக் கதைக்கு முட்டுக்கொடுக்கிறது. பெரிய வீட்டு விருந்தில் கை கழுவுவது கட்டாயச் சடங்கு. பணியாளர் கெண்டியும் தாம்பாளமும் ஏந்தி வந்து விருந்தினருக்கு நீர் வார்ப்பார். சிங்கமாகவும் குதிரை வீரனாகவும் வார்க்கப்பட்ட அந்தக் காலத்து நீர்க்கலங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1530இல் எராஸ்மஸ் சிறுவர்களுக்காக எழுதிய ஒழுக்க நூலில் கையால் உண்பதற்கு ஓர் இலக்கணமே இருக்கிறது. மூன்று விரலால் எடு, எண்ணெய் விரலை நக்காதே, சட்டையில் துடைக்காதே, துணியில் துடை. நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. முள்கரண்டி பரவப் பரவ, மேசையில் கை கழுவும் அந்தச் சடங்கு தேய்ந்துபோனது. சுத்தத்தைக் கொண்டுவந்ததாகப் பெயர் வாங்கிய கருவி, இருந்த சுத்தத்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விட்டது.

கருவிகளாவது சுத்தமாக இருந்தனவா? 1671இல் அந்துவான் து கூர்த்தான் எழுதிய பிரெஞ்சு ஒழுக்க நூல், வாயில் வைத்த ஸ்பூனைப் பொதுக்கலத்தில் மறுபடி விடுவதற்குமுன் துடைத்துக்கொள்ளச் சொல்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் முகம் சுளிக்கும் நாசூக்கானவர்கள் இருக்கிறார்களாம். அதாவது துடைக்காமல் விடுவது வழக்கமாக இருந்திருக்கிறது, துடைத்தால் போதும் என்பதே முன்னேற்றமாக இருந்திருக்கிறது. காரணமும் நோய் அல்ல, அடுத்தவரின் முகச்சுளிப்பு. சமூகவியலாளர் நோர்பர்ட் எலியாஸ் 1939இல் வெளியிட்ட நாகரிகம் பற்றிய பெருநூலில் இத்தகைய ஒழுக்க நூல்களை வரிசையாக வைத்து, அருவருப்பு முதலில் வந்தது, உடல்நலக் காரணம் பின்னால் ஒட்டப்பட்டது என்று காட்டினார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் பயிற்சி வகுப்புகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை.

எதிர்த்தரப்புக்குச் சாதகமான ஒரு சாட்சி உண்டு. அவரை மறைப்பது நேர்மையாகாது. தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் 1608இல் ஐரோப்பாவைச் சுற்றிவந்து 1611இல் பயண நூல் வெளியிட்டார். இத்தாலியர் இறைச்சியை வெட்டும்போது முள்கரண்டியால் பிடித்துக்கொள்கிறார்கள், எல்லோர் விரலும் ஒரேபோல் சுத்தமாக இருப்பதில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம் என்று அதில் தெளிவாக எழுதினார். தாமும் அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தார். நண்பர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். இந்தச் சாட்சியத்தை எதிர்த்தரப்பு பாதியில் நிறுத்திவிடும், முழுவதும் படிப்பதில்லை. சுத்தம் என்ற வாதம் ஆங்கிலத்தில் அச்சாகி, படித்தவர் கையில் கிடைத்து, அரை நூற்றாண்டுக் காலம் யாரையும் அசைக்கவில்லை. 1660இல் இரண்டாம் சார்லஸ் பிரெஞ்சு அரண்மனைப் பழக்கங்களோடு நாடு திரும்பி அரியணை ஏறிய பிறகுதான் முள்கரண்டி இங்கிலாந்தில் வேர்பிடிக்கிறது. காரணம் சொன்னபோது சிரித்த நாடு, அரசவை கையில் எடுத்ததும் தானும் எடுத்துக்கொண்டது. (கோரியட் அதன்பின் பெரும்பாலும் கால்நடையாகவே இந்தியாவுக்கு வந்து, அஜ்மீரில் ஜஹாங்கீர் முன் பாரசீகத்தில் பேசி, 1617இல் சூரத்தில் இறந்தார். கையால் உண்ணும் மக்களிடையே அவர் கழித்த கடைசி ஆண்டுகளில் முள்கரண்டியை என்ன செய்தார் என்று அறிய எனக்கு ஆசை.)

பிரான்சுக்கு முள்கரண்டியைக் கொண்டுவந்தவர், 1533இல் மணமாகி வந்த கேதரின் த மெதிச்சி என்ற கதை இன்னும் எழுதப்படுகிறது. வரலாற்றாசிரியர்கள் கைவிட்ட கதை அது. மாறாக, அவர் மகன் மூன்றாம் ஹென்றியின் அரசவையை நையாண்டி செய்து 1605இல் வந்த ஒரு நூல், முள்கரண்டியால் உண்பவர்களைப் பெண்மை பூண்ட கோமாளிகளாகக் காட்டுகிறது. வாய்க்குப் போகும் வழியில் பாதி உணவைச் சிந்துகிறார்களாம். பதினான்காம் லூயி வாழ்நாள் முழுதும் விரலால் உண்டார். பேரனுக்கு ஆசிரியர் முள்கரண்டி பழக்கியிருந்தும், தம் மேசையில் அதைப் பயன்படுத்த விடவில்லை. வெர்சாய் அரண்மனையைக் கட்டியவரை நாகரிகம் எட்டாதவர் என்று சொல்ல யாருக்காவது துணிவிருந்தால் சொல்லட்டும்.

சுத்தம் பற்றிய வாதத்துக்குக் கடைசிக் கேள்வி வியன்னாவிலிருந்து வருகிறது. 1847இல் அந்நகரின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவர்களும் மாணவர்களும் பார்த்த முதல் பிரிவில், அந்த ஏப்ரலில் தாய்மாரில் 18 சதவீதத்துக்கும் மேல் காய்ச்சலில் இறந்தார்கள். பிணப் பரிசோதனை மேசையிலிருந்து அந்த மருத்துவர்களும் மாணவர்களும் நேராகப் பிரசவ அறைக்கு வந்தார்கள். குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவும்படி அங்கே பணியாற்றிய மருத்துவர் செம்மல்வைஸ் விதித்ததும், ஜூனில் இறப்பு 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. அதற்குப் பரிசாக அவர் பெற்றது ஏளனம். அந்த மருத்துவர்கள் முள்கரண்டியால் உண்டு வளர்ந்தவர்கள். தங்கள் உணவை விரலால் தொடுவதைக் கேவலமாக நினைத்தவர்கள், பிணம் தொட்ட விரலைக் கழுவச் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். நூற்றைம்பது ஆண்டு முள்கரண்டிப் பழக்கம் அவர்களுக்குச் சுத்தம் பற்றி எதைக் கற்றுக்கொடுத்தது? கிருமிகளைப் பற்றிய பாஸ்டர், காக் ஆகியோரின் ஆய்வுகள் அதற்கும் பிந்தியவை. ஆக, கிருமியைத் தெரிந்துகொண்டு மேசைக்கு வந்த கருவி இல்லை இது.

சரி, சுத்தம் போகட்டும், வசதி இருக்கிறதே என்பார்கள். இத்தாலியில் முள்கரண்டி முதலில் பரவியது பாஸ்தாவால்தானே? சூடாக, வழுக்கலாக இருக்கும் மாவுத்துண்டை எதால் எடுப்பது? இதில் ஓரளவு உண்மை இருக்கிறது; நேப்பிள்ஸ் அரசவையோடு தொடர்புபடுத்தப்படும் மத்தியகாலச் சமையல் நூலொன்று, லசான்யாவைக் கூர்மையான மரக்குச்சியால் எடுத்து உண்ணச் சொல்கிறது. அந்த நகரத்தின் தெருவைப் பார்த்தால் வாதம் நொண்டத் தொடங்கிவிடும். நேப்பிள்ஸ் தெருவோரத்தில் ஏழைகள் தலையை அண்ணாந்து, நீண்ட மக்ரோனியை ஒரு பிடியாகக் கையில் தூக்கி வாய்க்குள் இறக்கும் காட்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் புகைப்படமாகி, சுற்றுலா அஞ்சலட்டையாக விற்றது. ஊரும் பாஸ்தாவும் சூடும் இருவருக்கும் ஒன்று. பணப்பைதான் வேறு.

தேவையே வடிவத்தைக் கட்டாயப்படுத்துகிறது என்றால் ஒரே தேவைக்கு உலகெங்கும் ஒரே விடை கிடைத்திருக்க வேண்டும். சீனத்தில் இறைச்சியை வெட்டும் வேலை சமையலறையோடு முடிந்தது. மேசைக்குக் கத்தியே வரவில்லை, குச்சிகள் போதுமாயின. அந்தக் குச்சிகளுக்கும் தொடக்க வேலை அடுப்படியில்தான். உண்பதற்கு நெடுங்காலம் ஸ்பூன்தான் முதன்மை. கொரியர்கள் இன்றும் சோற்றுக்கு உலோக ஸ்பூன் வைத்திருக்கிறார்கள். யார் எங்கே வெட்டுவது என்பதை ஒரு சமூகம் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறதோ அதிலிருந்து கருவி பிறக்கிறது. பசி எல்லா இடத்திலும் ஒன்றேயாக இருந்தும், அது எந்தக் கருவியையும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை.

ஐரோப்பிய மேசையில் வெட்டுவது உண்பவர் வேலையாக இருந்தது. அதனால் கத்தி. அதுவும் விருந்து தருபவர் கொடுத்ததல்ல. ஆளுக்கொரு கத்தி இடுப்பில் செருகியிருக்கும். மத்தியகால ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் கதையொன்றில் ஆலைக்காரனின் காலுறைக்குள் ஷெஃபீல்டு கத்தி ஒன்றை வைக்கிறார். இறைச்சியைக் குத்தி எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும் கூர்முனையே ஆளையும் குத்தும். மது ஓடும் மேசையில், பகையாளியும் உட்கார்ந்திருக்கும் விருந்தில், இது சிறிய விஷயம் இல்லை. பல் குத்திய விருந்தாளியைப் பார்க்கச் சகியாமல் கார்டினல் ரிஷ்லியூ தம் வீட்டுக் கத்திகளின் முனையை மழுக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1669இல் பதினான்காம் லூயி கூர்முனைக் கத்திகளை மேசையிலும் தெருவிலும் தடைசெய்தது ஆட்சியாளரின் கணக்கு. பிரபுக்களின் கையிலிருந்த ஆயுதத்தைக் குறைப்பது அவருடைய அரசியலின் ஒரு பகுதி.

இதன்பின் நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால் ‘தேவை’ என்பது எப்படி உற்பத்தியாகிறது என்று தெரியும். முனை மழுங்கிய கத்தியால் குத்த முடியாது. ஆகவே பிடித்துக்கொள்ளவும் தூக்கவும் முள்கரண்டி கட்டாயமானது. அன்றைய முள்கரண்டிக்கு இரண்டே முள், இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. பட்டாணி அதில் நிற்காது. ஆகவே 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கத்தியின் நுனி அகன்று, உருண்டு, மேல்நோக்கி வளைந்தது. பட்டாணியை அள்ளி வாய்க்குக் கொண்டுபோக அதுதான் முறையான வழி. பிறகு முள்கரண்டிக்கு மூன்றாவது முள் வந்தது, நான்காவது வந்தது, வளைவு வந்தது. அதுவே அள்ளத் தொடங்கியது. கத்தியின் அகன்ற நுனிக்கு வேலை போயிற்று. அதோடு, கத்தியால் உண்பவன் பட்டிக்காட்டான் ஆனான். தாத்தா கண்ணியமாகச் செய்ததைப் பேரன் செய்தால் மேசையே திரும்பிப் பார்க்கிறது. இடையில் மாறியது பட்டாணி அல்ல.

இங்கே எதிர்த்தரப்பின் அறிவார்ந்த வடிவம் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். பொறியாளர் ஹென்றி பெட்ரோஸ்கி 1992இல் அன்றாடப் பொருள்களின் பரிணாமம் பற்றி எழுதிய நூலில், பயன்பாடு வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை, முந்தைய வடிவத்தின் குறையே அடுத்த வடிவத்தைப் பிறப்பிக்கிறது என்று வாதிட்டார். முள்கரண்டியின் முள் எண்ணிக்கையைத்தான் அதற்கு முதல் எடுத்துக்காட்டாக வைத்தார். சல்லிவன் சீடர்களைவிட நூறு மடங்கு மேலான வாதம். நான் மேலே சொன்ன சங்கிலியில் பல கண்ணிகள் அவர் கண்டவை. ஆனால் குறை என்பது யாருக்குக் குறை? கூழும் ரொட்டியும் உண்ட ஐரோப்பியக் குடியானவனுக்கு ஒரு மர ஸ்பூனும் கத்தியும் பல நூறு ஆண்டுகள் குறையின்றிப் போதின. குறையை உணரும் உரிமை, அதற்கு மாற்று செய்யச் சொல்லும் காசு, இரண்டும் சிலரிடமே இருந்தன. பொறியாளர் பொருளின் குறையை அளந்தார். குறை சொன்னவரின் முகவரியை விசாரிக்கவில்லை.

அந்த முகவரியை விசாரித்தால் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் இந்த வடபுற நகரத்தில் கத்தித் தொழிலாளர் சங்கம் 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. 1743இல் தாமஸ் போல்சோவர் என்ற கைவினைஞர், ஒரு கத்திப் பிடியைப் பழுதுபார்க்கையில் செம்பும் வெள்ளியும் உருகி ஒட்டிக்கொள்வதைக் கண்டார். உள்ளே செம்பு, வெளியே வெள்ளி என்ற தகடு பிறந்தது. 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. பிரபு வீட்டு மேசையின் தோற்றம் கடைக்காரர் வீட்டுக்கும் விலைக்கு வந்துவிட்டது. அவருக்குப் புதிதாக ஒரு கவலையும் வந்தது: எதை எதால் உண்பது சரி? கவலையை விற்றவர்களே மருந்தையும் விற்றார்கள்.

அந்தக் கவலையின் தலைசிறந்த படைப்பு மீன் கத்தி. அதற்கொரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. அன்றைய கத்தியின் அலகு சாதாரண எஃகு. மீனுக்குப் பிழியும் எலுமிச்சைச் சாறு பட்டால் அலகு கறுக்கும், உணவில் உலோகச் சுவை ஏறும். ஆகவே மேல்தட்டினர் மீனை இரண்டு முள்கரண்டியால், அல்லது ஒரு முள்கரண்டியும் ரொட்டித் துண்டுமாக உண்டார்கள். விக்டோரியா காலத்தில் வெள்ளி அலகும் பூவேலையும் கொண்ட தனிக் கத்தி வந்தது. வாங்கியவர்கள் புதுப்பணக்காரர்கள். பழைய குடும்பங்கள் வாங்கவில்லை, ஏளனம் செய்தன. தாத்தாவின் வெள்ளிப் பெட்டியில் மீன் கத்தி இல்லாததே தாத்தா இருந்ததற்கு அத்தாட்சி. 1950களில் கவிஞர் ஜான் பெட்ஜமன் நடுத்தர வர்க்கத்தின் பாசாங்கைக் கேலி செய்து எழுதிய பாடலில் முதலில் அடிவாங்குவது மீன் கத்திதான். ஆக, பயன்பாட்டுக் காரணம் உள்ள ஒரே ஒரு கருவியை வைத்திருப்பது தரக்குறைவின் அடையாளம், இல்லாமல் சமாளிப்பது உயர்வின் அடையாளம். பயன்பாடே வடிவத்தை ஆளும் என்பவர்கள் இந்த மேசையில் எந்த நாற்காலியில் உட்காருவார்கள்?

அட்லாண்டிக்குக்கு அப்பால் கதை இன்னும் பச்சையாக நடந்தது. 1859இல் நெவாடாவில் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1870களில் ஜெர்மனியும் அமெரிக்காவும் நாணயத்தில் தங்கத்தின் பக்கம் சாய, வெள்ளி விலை சரியத் தொடங்கியது. மலிந்த வெள்ளி எங்காவது போயாக வேண்டும். அதே காலத்தில், எல்லாப் பதார்த்தங்களையும் ஒன்றாகப் பரப்பிவைக்கும் பழைய பிரெஞ்சு முறை போய், ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை வந்திருந்தது. பதார்த்தத்துக்கு ஒரு கருவி வைக்க இடம் கிடைத்தது. சிப்பிக்கு ஒன்று, மத்திக்கு ஒன்று, ஆமை இறைச்சிக்கு ஒன்று, ஸ்ட்ராபெரிக்கு ஒன்று என்று முள்கரண்டிகள் பெருகின. ஐஸ்கிரீமுக்கும் முள்கரண்டி விற்றார்கள். அதைச் சும்மா சொல்லவில்லை, கோர்ஹாம் போன்ற பெரிய வெள்ளி நிறுவனங்களின் தொகுதிகளில் இருந்தது. ஒரே வேலைப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் வரை பெருகிப்போய், 1920களின் நடுவில் வணிக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், ஒரு தொகுதியில் 55க்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டியதாயிற்று. அதுவும் சிக்கனத்துக்கான எண்ணிக்கை! அதன்பிறகு ஐஸ்கிரீமை ஸ்பூனால் தின்ற அமெரிக்கர் எவரும் வாய் நோவு என்று படுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு நேரம் மேசையில் உட்கார்ந்தவர்களைப் பற்றியே பேசினோம். கருவி செய்தவர்களைச் சுத்தம் எப்படி நடத்தியது என்பதையும் கேட்க வேண்டும். ஷெஃபீல்டில் கத்தி அலகுகளைத் தண்ணீர் விட்டுச் சாணை பிடிப்பார்கள். முள்கரண்டியை உலர்ந்த கல்லில் பிடிப்பார்கள். கல்லிலிருந்தும் எஃகிலிருந்தும் எழும் தூள் நேராக மூக்குக்குள் போகும். சாணைக்காரர் கல்லின்மேல் குனிந்துதான் உட்கார முடியும். அவ்வூர் மருத்துவர் ஆர்னால்ட் நைட் சேகரித்த விவரத்தை எங்கெல்ஸ் 1845இல் ஆங்கிலத் தொழிலாளர் நிலை பற்றிய தம் நூலில் எடுத்தாள்கிறார்: உலர் சாணைக்காரரின் சராசரி ஆயுள் 35 ஆண்டைத் தொடுவதே அபூர்வம், தண்ணீர்ச் சாணைக்காரர் 45ஐத் தாண்டுவது அரிது. தூளை உறிஞ்சும் கருவி அப்போதே இருந்தது. சில பட்டறைகளில் தொழிலாளர்களே அதை உடைத்தார்கள். ஆயுள் நீண்டால் ஆள் பெருகும், கூலி குறையும் என்று பயந்தார்கள் என்கிறார் எங்கெல்ஸ். முப்பது வயதில் இருமிச் சாகும் வேலையையும் போட்டி வந்து பிடுங்கிவிடுமோ என்று அஞ்சும் நிலைக்கு ஒரு மனிதனைத் தள்ளிய தொழில் அது. விரல் நுனியில் எண்ணெய் படாமல் ஒருவர் உண்ண, இன்னொருவர் நுரையீரலில் எஃகுத்தூள் படிந்தது. நாகரிகத்தின் வரலாறு எழுதுபவர்கள் முள்கரண்டியின் அத்தியாயத்தில் இந்தப் பக்கத்தை ஏன் ஒட்டிவைத்துவிடுகிறார்கள்?

கருவிகள் தாமாகவே முழுமையை நோக்கி நடந்தன என்ற நம்பிக்கைக்கும் ஷெஃபீல்டே பதில் வைத்திருக்கிறது. 1913 ஆகஸ்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் தேய்மானத்தைக் குறைக்க வழிதேடிக்கொண்டிருந்தபோது, ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு வினிகருக்கும் எலுமிச்சைக்கும் அசையாமல் நிற்பதைக் கண்டார். நாம் எவர்சில்வர் என்று அழைக்கும் குடும்பத்தின் ஆதி உறுப்பினர் அது. கத்தி செய்யும் ஊரில் பிறந்து வளர்ந்த அவருக்கு அதன் மதிப்பு உடனே புரிந்தது. ஊருக்குப் புரியவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பட்டறைக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். மோஸ்லி நிறுவனத்தின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் விடாமல் முயன்றதால்தான் அது மேசைக்கு வந்தது. மேசைக் கருவிகளின் வரலாற்றில் சுத்தத்துக்கும் வசதிக்கும் உண்மையாகவே உதவிய ஒரே மாற்றம், பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வேலை செய்த ஆய்வுக்கூடத்தின் பின்வாசல் வழியாக வந்தது. கத்தித் தொழில் கூப்பிட்டு வரவில்லை. எவர்சில்வர் வந்த அன்றே மீன் கத்தியின் நியாயம் செத்துவிட்டது. மீன் கத்தி சாகவில்லை. இப்போது அதையும் எவர்சில்வரிலேயே செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, கையால் உண்பதே அறிவியல் என்று கிளம்புகிறவர்களோடும் நான் இல்லை. ஐந்து விரல் ஐந்து பூதம், விரல் நுனியில் செரிமானம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது, முள்கரண்டிக்குக் கிருமியைக் காரணமாக்கிய அதே வேலைதான். கையால் உண்பதற்கு வக்கீல் தேவையில்லை. கழுவிய கையும் பிசைந்த சோறும் போதும். பழக்கத்துக்கு ஆய்வுக்கூட அங்கி மாட்டிவிடும் அவசரம் இரண்டு தரப்புக்கும் பொது. ஒரு வித்தியாசம் உண்டு: முள்கரண்டித் தரப்பு தன் அங்கியைக் காட்டி நேர்முகத் தேர்வில் மதிப்பெண் போடுகிறது.

நவீன வடிவமைப்பாளர்களாவது பயன்பாட்டுக்குத் திரும்பினார்களா? டேனியக் கட்டடக் கலைஞர் ஆர்னே யாகோப்சன் 1957இல் கோபன்ஹேகன் ஓட்டல் ஒன்றுக்காகச் செய்த தொகுதி உலகப் புகழ் பெற்றது. பிடி எங்கே முடிகிறது, அலகு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத ஒற்றைக் கோடு போன்ற கத்தி. முள்கரண்டியின் முட்களோ குட்டையானவை. ஸ்டான்லி குப்ரிக் 1968இல் தம் விண்வெளிப் படத்தில் விண்கல மேசைக்கு அதையே எடுத்தார். எதிர்காலத்தைப்போல் தெரிந்ததற்காக எடுத்தார். எளிதாகச் சாப்பிடலாம் என்பதற்காக அல்ல.

ஷெஃபீல்டில் பிறந்த டேவிட் மெல்லருக்கு 1960களில் பிரிட்டிஷ் அரசு இரண்டு வேலைகள் தந்தது. 1963இல் தூதரகங்களுக்காக வெள்ளியில் ஒரு தொகுதி. அதற்கு ‘எம்பசி’ என்று பெயர். 1965இல் அரசுக் கேன்டீன்கள், மருத்துவமனைகள், சிறைகள், ரயில்கள் ஆகியவற்றுக்காக எவர்சில்வரில் இன்னொன்று. அதற்குச் ‘சிக்கனம்’ என்று பொருள்படும் பெயர். வழக்கமான தொகுதியில் 11 உருப்படிகள் இருந்தன. இரண்டாவது வேலையில் மெல்லர் அவற்றை 5 ஆக்கினார். மிச்சம் 6 உருப்படிகளும் எந்த உணவை உண்ணத் தேவைப்பட்டன, அந்த உணவு கேன்டீன் தட்டில் எப்படித் தீர்ந்தது என்பதைப் பயன்பாட்டைக் காட்டி விளக்க முடிந்தவர்கள் விளக்கட்டும்.